சுடப்படாத வாத்தும் சாகிறது: வேட்டை, மனித நடமாட்டம், குளிர்



வலசைப் பறவைகளைப் பற்றி எழுதச் சொன்னால் நம் படிவம் 4, 5 மாணவர்கள் மூன்று பத்தி எழுதிடுவாங்க. ஒரு பத்தியில் வேட்டை, அடுத்ததில் மனிதத் தொந்தரவு, மூன்றாவதில் வானிலை. ஒவ்வொரு பத்தியும் "இதனால் பறவைகள் பாதிக்கப்படுகின்றன" என்றே முடியும். எப்படிப் பாதிக்கப்படுகின்றன என்று கேட்டால் பதில் வராது. உண்மையில் இந்த மூன்றும் தனித்தனிக் காரணங்கள் இல்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும் காரணங்கள். காட்டு வாத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

வாத்தின் உடம்பை ஒரு வீட்டுக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். இரைதான் வரவு. உடம்புச் சூட்டைக் காப்பதும் பறப்பதும் செலவு. தோலுக்கடியில் சேர்த்து வைத்த கொழுப்பு சேமிப்பு. வடக்கே இனப்பெருக்கம் முடித்த வாத்து இந்தச் சேமிப்பைக் கரைத்துத்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து தெற்கே வருகிறது. திரும்பிப் போவதற்குள் மறுபடியும் சேர்த்தாக வேண்டும்.

குளிர் கடுமையானால் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் அடி வாங்கும். உடம்பைச் சூடாக வைக்கக் கூடுதல் சக்தி வேண்டும், அதாவது செலவு ஏறுகிறது. அதே நேரத்தில் குளம் உறைந்துபோகிறது. ஊசிவால் வாத்து போன்றவை ஆழத்தில் மூழ்கி இரை தேடுவதில்லை. தலையை நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, ஆழமில்லாத நீரில் மேய்கின்றன. முதலில் உறைவதும் அந்த ஆழமில்லாத நீர்தான். அதனால் வரவும் நின்றுவிடுகிறது. அப்போது வாத்து செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் ஒன்றே ஒன்றுதான்: அலகைச் சிறகுக்குள் செருகி, அசையாமல் உட்கார்ந்து, இருக்கிற கொழுப்பை மிச்சம் பிடிப்பது.

இந்த நிலையில் ஒருவர் நாயோடு கரையோரம் நடந்து வருகிறார். அவரிடம் துப்பாக்கி இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் கூட்டம் முழுக்க எழும்பிப் பறக்கிறது. உட்கார்ந்திருப்பதைவிடப் பறப்பதற்குப் பல மடங்கு சக்தி செலவாகும். எழும்பிய வாத்து உடனே திரும்பி வந்து மேயாது. சுற்றிச் சுற்றிப் பார்த்து, தூரத்தில் இறங்கி, வெகுநேரம் தலையைத் தூக்கிக் காவல் காக்கும். ஒரே தடவையில் சேமிப்பும் போச்சு, மேயும் நேரமும் போச்சு. கோடையில் இது சின்ன நஷ்டம். உறைபனியில் இதுவே உயிர் போகிற நஷ்டம். தொந்தரவின் அளவு மாறவில்லை, வாத்தின் கையிருப்பு மாறிவிட்டது. மாணவர்களே, கட்டுரையில் நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்.

இப்போது வேட்டையைச் சேர்ப்போம். வேட்டை என்றால் எத்தனை வாத்து சுடப்பட்டது என்று எண்ணுவதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். வெடிச்சத்தம் கேட்டுப் பறந்த மற்ற வாத்துகளை யார் எண்ணுவது? டென்மார்க் ஆய்வாளர் யெஸ்பர் மாட்சன் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு நீர்நிலைகளில் சில பகுதிகளில் வேட்டையை நிறுத்திப் பறவைகளை எண்ணினார். அமைதியான பகுதிகளில் வேட்டைக்குரிய வாத்து இனங்கள் பெருகின, அதிக நாள் தங்கவும் செய்தன. 1998இல் வெளியான இந்த ஆய்வு, ஓரிடத்தில் மறைந்திருந்து சுடுபவரைவிடப் படகில் நகர்ந்துகொண்டே சுடுபவரால்தான் அதிகக் கலக்கம் என்றும் காட்டியது. பகலில் சுடும் இடங்களில் பல வாத்துகள் மேய்ச்சலை இரவுக்கு மாற்றிக்கொள்வதும் தெரிந்த விஷயம்தான்.

பிரிட்டன் இதைச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கே காட்டு வாத்து வேட்டைக்கு அனுமதிக் காலம் உண்டு. ஆனால் கடுங்குளிர் ஏறக்குறைய இரண்டு வாரம் விடாமல் நீடித்தால், அந்தக் காலத்துக்குள்ளேயே வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்த 1981ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு அதிகாரம் தருகிறது. வேட்டைக்காரர்கள் சங்கமும் இதை ஏற்றுக்கொண்டு உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். மெலிந்த வாத்தைச் சுடுவது சுலபம் என்பது மட்டும் காரணமில்லை, சுடாமல் விட்டதும் செத்துப்போகும் என்பதும் காரணம்.

துப்பாக்கியில் இன்னொரு வினையும் இருக்கிறது. ஒரு தோட்டாவில் ஏராளமான ஈயக் குண்டுமணிகள் இருக்கும். பெரும்பாலானவை குறி தவறிக் குளத்தடியில் விழும். வாத்துக்குப் பல் கிடையாது. சிறு கற்களை விழுங்கித்தான் அரைவைப்பையில் இரையை அரைக்கும். கல்லென்று நினைத்து ஈயத்தை விழுங்கினால் நஞ்சேறி, நாள் கணக்கில் மெலிந்து சாகும். அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டை நாடு முழுவதும் தடை செய்தது இதனால்தான்.

இனி நமக்குத் தெரிந்த பக்கம் வருவோம். இந்தியாவின் பரத்பூரில், இன்று கேவலாதேவ் தேசியப் பூங்காவாக இருக்கும் இடம், ஒரு காலத்தில் மன்னரின் வாத்து வேட்டைக்காடு. 1938 நவம்பர் 12ஆம் தேதி, வைசிராய் லின்லித்கோ வந்த அன்று ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்த வேட்டைக் கணக்குகளைப் பெருமையாகக் கல்லிலும் பொறித்திருக்கிறார்கள். 1985இல் அதே இடம் உலக மரபுரிமைத் தலமானது.

தமிழ்நாட்டுக் கதை வேறு மாதிரி. செங்கல்பட்டுப் பக்கம் உள்ள வேடந்தாங்கலில், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்களே கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1790களில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் அவர்களுக்கு ஆதரவாக உத்தரவு எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. வெறும் இரக்கம் மட்டும் காரணமில்லைங்க. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். (தமிழாசிரியர்களுக்கு ஒரு சேதி: 'தாங்கல்' என்றால் சிறிய ஏரி. பெயரில் வேடன் இருக்கிற ஊர்தான் வேட்டையைத் தடுத்திருக்கிறது.) இங்கே குளிருக்குப் பதில் வடகிழக்குப் பருவமழைதான் கணக்கைத் தீர்மானிக்கிறது. மழை பொய்த்தால் ஏரி நிரம்பாது, பறவையும் வராது. வந்தது கொஞ்சம் தண்ணீரில் நெருக்கியடித்து நிற்கும். அப்போது ஒரு கலக்கம் வந்தால் பறந்து போய் இறங்க இன்னொரு குளம் இருக்காது.

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. அந்த ஊரிலும், சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இதை வெறும் பாசமென்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தில் வானிலை ராடார் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் 2011இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புத்தாண்டு நள்ளிரவில் வாணவேடிக்கை தொடங்கியதும் நீர்நிலைகளில் தங்கியிருந்த பறவைகள் பெருங்கூட்டமாக எழும்பி, சுமார் 500 மீட்டர் உயரம்வரை போயிருக்கின்றன. இருட்டில், நடுக்குளிரில், தூங்கிக்கொண்டிருந்த பறவைகள்! கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்களுக்கு ராடார் தேவைப்படவில்லை.

நம் பினாங்கில் நிலைமை என்ன? இங்கே காட்டு வாத்து குறைவு. செபராங் பிறை, கெடா நெல்வயல்களில் பெலிபிஸ் எனப்படும் சீழ்க்கை வாத்து உண்டு. ஆனால் வலசை என்றால் நாம் பார்க்க வேண்டிய இடம் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான சேற்றுக்கரை. பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் அமைப்பு இதை முக்கியப் பறவைப் பகுதியாகப் பட்டியலிட்டிருக்கிறது. கிழக்கு ஆசிய–ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் வரும் உள்ளான் வகைகளும் கொக்குகளும் ஏறக்குறைய செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே தங்குகின்றன.

உறைபனி இல்லாத ஊரில் கணக்கு எப்படி இடிக்கும்? இங்கே கடல்தான் கடிகாரம். நீர் வற்றும்போது சேறு தெரியும், பறவை இறங்கி மேயும். நீர் ஏறினால் சேறு மூடிவிடும். கூட்டமெல்லாம் மிஞ்சிய கரையில் நெருங்கி நின்று ஓய்வெடுக்கும். வற்றும்போது விரட்டினால் வரவு போகும், ஏறும்போது விரட்டினால் செலவு கூடும். மார்ச், ஏப்ரலில் வடக்கே கிளம்புமுன் கொழுப்புச் சேர்க்கும் வாரங்களில் இது இன்னும் மோசம். தீபாவளியும் சீனப் புத்தாண்டும் இந்தக் காலத்துக்குள்ளேயே வருகின்றன என்பதையும் மாணவர்கள் கவனிக்கலாம். வேட்டையைக் கட்டுப்படுத்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பெர்ஹிலித்தான் இருக்கிறது. ஆனால் படம் எடுக்கக் கிட்டே கிட்டே போகிற நம் கால்களைத் தடுக்க அங்கே யாரும் நிற்பதில்லை.

பாடநேரத்தில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று. "குளிர் பறவைகளைப் பாதிக்கிறது" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, 'பாதிக்கிறது' என்ற சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நடப்பதை எழுதச் சொல்லுங்கள். "குளிரில் ஆழமில்லாத நீர் உறைவதால் வாத்துக்கு இரை கிடைப்பதில்லை, அந்நேரம் மனிதர் நெருங்கினால் எஞ்சிய கொழுப்பையும் பறப்பதில் இழக்கிறது" என்று ஒரு மாணவர் எழுதிவிட்டால், மூன்று பத்தியும் அங்கே ஒன்றாகச் சேர்ந்துவிடும். இலக்கியத் தொடர்பு வேண்டுபவர்கள் சத்திமுத்தப் புலவரின் நாரைவிடு தூதை எடுக்கலாம். தெற்கே குமரிவரை வந்து வடக்கே திரும்பும் பறவை அதில் இருக்கிறது. களப்பயணமாகக் கரைக்குப் போகிறவர்கள் நீரேற்ற அட்டவணையை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். தொலைநோக்கி இருந்தால் தூரமே போதும். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், நாம் இரண்டடி முன்னாடியே நின்றிருக்க வேண்டும் என்று அர்த்தம்.