முயலுக்கு எது தின்பண்டம்?

உணவை உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நால்வகைப்படுத்திக் கூறுவது தமிழ் மரபு. சோறு உண்ணப்படுவது, முறுக்குத் தின்னப்படுவது. மென்று கடித்து அரைத்து உட்கொள்வதே தின்னுதல் எனப்படும். இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்க விரும்பும் ஆசிரியருக்கு முயலைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அதன் வாழ்வு முழுவதும் தின்னுதலாலேயே நடைபெறுகிறது. தின்பது குறைந்தால் பல் நீள்கிறது. பல் நீண்டால் வாய் புண்ணாகிறது. வாய் புண்ணானால் குடல் நின்றுபோகிறது. குடல் நின்றால் உயிரும் நிற்கிறது.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்குக்குக் கிழக்கே மெர்சிங் செல்லும் சாலையில் உள்ள சிற்றூர் காஹாங். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போவோர் இவ்வூர் வழியாகவே பேத்தா நுழைவாயிலுக்குச் செல்வர். ஊரைச் சூழ்ந்து இருப்பவை பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்கள். இத்தகைய தோட்டப் பகுதிகளில் இரவுச் சந்தையில் வாங்கிய முயல்குட்டியைக் கம்பிக் கூண்டில் இட்டு வளர்க்கும் பிள்ளைகளைக் காணலாம். பிள்ளை தான் தின்னும் ரொட்டியில் ஒரு துண்டு, பிஸ்கட்டில் ஒரு பாதி, அம்மா சமையலுக்கு வாங்கிய கேரட்டில் ஒன்று என அன்போடு கொடுக்கிறது. முயலும் ஆவலோடு வாங்கித் தின்கிறது. சில வாரங்களில் அதற்கு வயிற்றுப்போக்கு உண்டாகிறது, அல்லது வயிறு ஊதிக்கொள்கிறது. ஒரு காலையில் கூண்டு வெறுமையாகிவிடுகிறது. ‘முயலுக்கு ஆயுசு அவ்வளவுதான்’ என்று பெரியவர் ஆறுதல் கூறுவர். அது உண்மையன்று. நன்றாகப் பேணப்படும் வீட்டுமுயல் எட்டு முதல் பத்தாண்டுகள் வரை வாழும். அதற்கு மேல் வாழ்ந்தனவும் உண்டு.

முயலையும் கேரட்டையும் இணைத்து எண்ணும் வழக்கம் நம்மிடையே எங்கிருந்து வந்தது? இதில் திரைப்படத்திற்குப் பெரும் பங்கு உண்டு. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கேலிச்சித்திரத்தில் உருப்பெற்ற ‘பக்ஸ் பன்னி’ என்னும் முயல், கேரட்டைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே பேசிற்று. 1934-இல் வெளிவந்த ஒரு திரைப்படத்தில் நடிகர் கிளார்க் கேபிள் கேரட்டைக் கடித்தவாறு பேசிய காட்சியைக் கேலி செய்யவே அவ்வாறு வரைந்தனர் என்பர். கேலி மறைந்தது, கேரட் மட்டும் நிலைத்துவிட்டது. 1902-இல் பியட்ரிக்ஸ் பாட்டர் எழுதி வரைந்த பீட்டர் முயலின் கதையிலோ, அம்முயல் தோட்டத்தில் புகுந்து தின்றவை இலைக்கோசும் அவரையும் முள்ளங்கியுமே. தின்றபின் வயிறு சரியில்லாமல் மருந்திலையைத் தேடிப் போயிற்று என்றும் அவ்வம்மையார் எழுதினார். கதையாயினும் அவர் முயல் வளர்த்தவர். கண்டதை எழுதினார் எனக் கொள்ளலாம்.

தமிழாசிரியர் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுதல் நலம். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் யானைக்கு எதிராக நிறுத்தப்படும் முயலும், சங்கப் பாடல்களின் முல்லை நிலத்தில் துள்ளியோடும் முயலும் இக்கூண்டு முயல் அல்ல. அது காட்டு முயல். அதன் குட்டிகள் உடலில் மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளை தோண்டி வாழும் வழக்கம் அதற்கில்லை. கூண்டில் வளர்வது குழிமுயல். அதன் குட்டிகள் மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும். முன்னதற்கு மரபுத்திரிகள் 48, பின்னதற்கு 44. இரண்டும் கூடிக் குட்டி ஈனுவதில்லை. குழிமுயலின் தாயகம் ஸ்பெயினும் அதனை அடுத்த பகுதிகளுமாகும். உரோமப் பேரரசன் ஹேட்ரியன் காலத்து நாணயங்களில் ஸ்பெயின் நாடு ஒரு பெண்ணாகவும் அவளருகே ஒரு முயலாகவும் பொறிக்கப்பட்டதைக் காண்கிறோம். மலாய் மொழி இவ்விலங்கை அரபுச் சொல்லால் ‘ஆர்னாப்’ என்றும், இந்தோனேசிய மொழி டச்சுச் சொல்லின் திரிபால் ‘கெலிஞ்சி’ என்றும் வழங்குகின்றன. பெயரும் விலங்கும் ஒருங்கே கடல்கடந்து வந்தவை என்பதற்கு இதுவே போதிய சான்று. நாம் பழைய சொல்லையே புதிய விலங்குக்கும் இட்டுக்கொண்டோம். அதனால் ‘முயலைப் பற்றி நமக்குத் தெரியும்’ என்னும் மயக்கமும் உண்டாயிற்று.

ஸ்பெயினின் வறண்ட மேட்டு நிலத்தில் முயலுக்குக் கிடைத்தவை சத்துக் குறைந்த காய்ந்த புல்லும் முரட்டு இலையுமே. அதைக் கொண்டே உயிர்வாழ அதன் உடல் அமைந்தது. அதற்குப் பற்கள் 28. மேல்வரிசை வெட்டுப்பற்களின் பின்னே மேலும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்து நிற்கும். இப்பற்களையும் பிற வேறுபாடுகளையும் கருதியே 1912-இல் முயலினத்தை எலியினத்தினின்று பிரித்துத் தனி வரிசையாக வைத்தனர். எல்லாப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். அதைத் தேய்ப்பது புல்லில் உள்ள மணற்சத்தும், கீழ்த்தாடை பக்கவாட்டில் அசைந்து அரைக்கும் அரைப்புமாகும். ரொட்டிக்கு இவ்வரைப்பு வேண்டுவதில்லை. கேரட்டை மேலும் கீழுமாக நறுக்கி விழுங்கிவிடுகிறது. ‘கடினமான பொருளாயிற்றே, பல் தேயுமே’ என்று கருதிக் கேரட் கொடுப்போர் பலர். வெட்டுப்பல் ஓரளவு தேயலாம். கடைவாய்ப்பல் தேய்வதற்குப் புல்லே வேண்டும்.

அடுத்தது வயிறு. ஆடுமாடு அசைபோடுகின்றன, முயல் அசைபோடுவதில்லை. அது தின்ற நார்ப்பொருள், சிறுகுடலுக்கு அப்பால் உள்ள பெரிய பையாகிய குருட்டுக் குடலில் நுண்ணுயிர்களால் புளிக்க வைக்கப்படுகிறது. அங்கு உருவாகும் மென்மையான கருநிற உருண்டைகளை முயல் தன் குதத்திலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இதைக் கண்டு அருவருப்படைந்து கூண்டைக் கழுவுவோர் உண்டு. அஃது இழிவன்று, அதன் இரண்டாவது உணவு. புரதமும் உயிர்ச்சத்துகளும் அவ்வுருண்டையில் உள்ளன. சர்க்கரையும் மாப்பொருளும் மிகுதியாகக் குருட்டுக் குடலை அடைந்தால், நல்ல நுண்ணுயிர்கள் தாழ்ந்து தீயவை பெருகும். நஞ்சும் வாயுவும் தோன்றும். முயலுக்கு வாந்தி எடுக்கும் ஆற்றல் இல்லை. உள்ளே சென்றது மறுபடி வெளிவர வழியில்லாத ஓர் உடலுக்குத்தான் நாம் பிஸ்கட்டை நீட்டுகிறோம்.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். இது வகுப்பில் விகிதக் கணக்காகவும் பயன்படும். ஒரு கிலோ எடையுள்ள முயலுக்கு 60 கிராம் கேரட் ஒன்றை முழுதாகக் கொடுப்பது, 60 கிலோ எடையுள்ள மனிதர் ஒரே வேளையில் 3,600 கிராம் தின்பதற்கு ஒப்பாகும். ஒரு பிஸ்கட் கொடுத்தால் அது நமக்கு அறுபது பிஸ்கட்டுக்குச் சமம். நூறு கிராம் கேரட்டில் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம், பப்பாளியில் 8, கொய்யாவில் 9, அன்னாசியில் 10, வாழைப்பழத்தில் 12, பலாச்சுளையில் 19. உலர்ந்த திராட்சையிலோ பாதிக்கு மேல் சர்க்கரையே. ஆகவே பழம் கொடுப்பதாயின், ஒரு கிலோ எடைக்கு ஒரு தேக்கரண்டி என்னும் அளவில், வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுத்தால் போதும். விதையை நீக்கிவிட வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குட்டிக்குப் பழமே வேண்டா.

அப்படியாயின் முயலுக்கு ஏற்ற தின்பண்டம் எது? காஹாங் போன்ற ஊரில் அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. வேலியில் நிற்கும் செம்பருத்தி, மலேசிய நாட்டின் தேசிய மலர். அதன் பூவும் இலையும் முயலுக்கு மிகுந்த விருப்பம். பிள்ளை கையில் ஒரு பூவை நீட்டினால் முயல் அதைக் காம்பிலிருந்து இழுத்து மென்று உள்ளே அனுப்பும் காட்சி, கேரட் கடிக்கும் கேலிச்சித்திரத்தைவிடக் கண்ணுக்கு இனியது. கொத்தமல்லி, புதினா, துளசி ஆகியவற்றின் தழை ஒவ்வொரு பிடி, வாழையிலைக் கீற்று, மூங்கில் இலை, முசுக்கொட்டை இலை, சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை, கொய்யாவின் இளங்குச்சி, பட்டையோடு. இவை வாசனையாலும் சுவையாலும் மகிழ்விப்பதோடு பல்லுக்கும் வேலை கொடுப்பவை. கேரட்டின் கிழங்கைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு அதன் தழையை முயலுக்குக் கொடுப்பதே முறையான பங்கீடு. கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரையை இங்குப் பலர் கட்டுக்கட்டாகக் கொடுப்பர். அது நஞ்சன்று, ஆனால் பெரும்பகுதி நீர். வயிற்றை நிரப்பிப் புல்லை மறக்கச் செய்யும். சிறு கைப்பிடியே அளவு. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முயலின் உடல் வேண்டாத சுண்ணாம்பைச் சிறுநீர் வழியே கழிப்பதால், நாள்தோறும் கொடுத்தால் சிறுநீர் சேறுபோலத் தடித்துத் துன்பம் தரும். எப்போதேனும் ஓர் இணுக்குப் போதும்.

இவை யாவும் புல்லுக்கு மேற்பட்ட சிறப்பே. உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல்லாக இருத்தல் வேண்டும். குச்சித் தீவனம் கொடுப்போர் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிறுத்திக்கொள்ளலாம். மேலைநாட்டார் புகழும் திமோத்திப் புல் குளிர்நாட்டுப் பயிர். இங்கு இறக்குமதி விலையில்தான் கிடைக்கும். நேப்பியர், கினி ஆகிய புற்கள் இந்நாட்டிலேயே செழித்து வளர்கின்றன. அறுத்த புல்லைச் சில மணி நேரம் வாடவிட்டுக் கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உலர்த்தச் சேர்த்த புல்லில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் புல்லை எறிந்துவிடுவதே நன்று. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையின் மன்னவனூரிலும் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் அரசு ஆராய்ச்சி நிலையங்கள் முயல் வளர்த்து வந்தது அங்குள்ள குளிர்ச்சியைக் கருதியே. காஹாங் தாழ்நிலம். நண்பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல் செல்லும்போது, வியர்க்காத முயல் காதுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்ற முயன்று சோர்ந்து கிடக்கும்; உணவையும் குறைக்கும். அந்நேரத்தில் இரக்கப்பட்டு இனிப்பான பழத்தைக் கொடுத்தால், குறைந்த பசியும் அதனால் நிறைந்து புல் தீண்டப்படாமல் கிடக்கும். விடியலிலும் பொழுது சாய்ந்த பின்னும் புல்லை முதலில் இட்டு, அது பாதி தீர்ந்த பிறகே தின்பண்டம் கொடுப்பது நல்லது.

தோட்டத்தில் உள்ளவர்க்கு மட்டுமே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. பிள்ளை புல் அறுக்கும் இடம் பெரும்பாலும் செம்பனை வரிசையின் ஓரமும் மண்சாலையின் விளிம்புமே. அங்கு மருந்து அடிக்கப்படுகிறது. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாள் தொடங்கி மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பிற களைக்கொல்லிகள் உள்ளன. பாராகுவாட் பட்ட புல் விரைவில் கருகிக் காட்டிக்கொடுத்துவிடும். கிளைபோசேட் பட்ட புல்லோ பல நாள்கள் பச்சையாகவே நிற்கும். பார்வைக்கு வேறுபாடு தோன்றாது. எந்த வரிசையில் எந்த நாளில் மருந்து அடித்தனர் என்பதை மருந்தடிக்கும் தொழிலாளியே அறிவார். அவரை வினவியபின் அறுப்பதே வழி. வீட்டுக் கொல்லையில் இரண்டு சதுர மீட்டர் இடத்தில் புல் பயிரிட்டால் அக்கவலையும் குறையும்.

கொடுக்கலாகாதவற்றையும் அறிய வேண்டும். மரவள்ளியின் பச்சை இலையில் சயனைடு நஞ்சை விடுவிக்கும் பொருள் உண்டு. மலாய்க்காரர் பெத்தாய் பெலாலாங் என்று கூறும் சூபாபுல் இலையில் மிமோசின் என்னும் பொருள் உண்டு. மிகுதியாகத் தின்ற முயலுக்கு மயிர் உதிரும். அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, சேம்பின் இனமான அலங்காரச் செடிகள், ஆவகாடோ, வெங்காயம், பூண்டு ஆகிய எதுவும் கூண்டருகே செல்லலாகாது. கடையில் ‘முயல் இனிப்பு’ என்று விற்கப்படும் தயிர்க்கட்டிகளும் தேன் தடவிய தானியக் குச்சிகளும் நஞ்சல்ல. ஆனால் பால் மறந்த முயலுக்குப் பாற்பொருள் எதற்கு? உறையில் அச்சிட்ட முயல் படம், உள்ளிருப்பது முயலுக்கு உகந்தது என்பதற்குச் சான்றாகாது.

புதிய இலை எதுவாயினும் ஒரு நேரத்தில் ஒன்றையே, சிறிதளவே கொடுத்து, மறுநாள் புழுக்கையைப் பார்த்தல் வேண்டும். புழுக்கை உருண்டையாய், உலர்ந்து, உதிரியாய் இருந்தால் அவ்விலை ஒத்துக்கொண்டது. இளகியிருந்தால் அதை நிறுத்திப் புல் மட்டும் கொடுக்க வேண்டும். தின்பண்டத்தைக் கிண்ணத்தில் இடாமல் கையாலேயே கொடுப்பதில் மற்றொரு பயன் உண்டு. முயல் தன் நோயை வெளிக்காட்டாத விலங்கு. வேட்டையாடப்படும் உயிர்கள் யாவும் அத்தகையனவே. நாள்தோறும் செம்பருத்திப் பூவுக்கு ஓடிவரும் முயல் ஒருநாள் மூலையில் குறுகி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டால், அன்றே கூண்டின் அடித்தட்டைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை இடாமலும் இருந்தால், மறுநாள் வரை காத்திராமல் துணி போர்த்திய கூடையில் வைத்துக் குளுவாங்கில் உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கடைசியாக அது எதை, எவ்வளவு தின்றது என்பதை உடன் செல்லும் பிள்ளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அதுவாகவே இருக்கும்.