உலகக் கோப்பை கால்பந்து: வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு என்ன உரிமை, எங்கே ஆபத்து?

கால்பந்து உலகக் கோப்பை வந்துவிட்டால் புதுச்சேரியின் பல தெருக்கள் பிரான்ஸ் அணியின் பக்கம் சாய்ந்துவிடும். 1962 ஆகஸ்ட் 16-இல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தன. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். 2018-இல் பிரான்ஸ் கோப்பையை வென்றதையும், 2022 இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றதையும் பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய ‘சொல்தா’க்களின் வீடுகள் சொந்த வீட்டு நல்லது கெட்டதாகவே பேசும்.

2026 உலகக் கோப்பை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளில் ஜூன் 11 தொடங்கி ஜூலை 19-இல் முடிகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். அங்கே பகலில் நடக்கும் ஆட்டம் நமக்குப் பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ வரும். இறுதியாட்டமே ஜூலை 20 அன்று நள்ளிரவு தாண்டி 12.30 மணிக்குத்தான். அந்த நேரத்தில் கேபிள்காரர் போனை எடுக்க மாட்டார், கடை திறந்திருக்காது. ஆட்டம் தொடங்கப் போகிறதே என்று தவிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். ஏற்பாட்டை முன்கூட்டியே முடித்து வைப்பவரை ஏமாற்றுவது கடினம்.

உரிமம் யாரிடம்?

ஒளிபரப்பு உரிமம் ஒவ்வொரு போட்டிக்கும் கைமாறும். இந்தியாவில் 2014, 2018 உலகக் கோப்பைகள் சோனி குழுமத்திடம் இருந்தன. 2022-இல் வயாகாம்18 வாங்கி, ஜியோசினிமாவில் இலவசமாகவே காட்டியது. போன தடவை பார்த்த செயலிக்கே இந்த முறையும் ஓராண்டுச் சந்தா கட்டிவிடாதீர்கள். எந்த நாட்டில் யாருக்கு உரிமம் என்ற பட்டியலை ஃபிஃபா தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

தூர்தர்ஷனில் வருமா?

2007-ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த போட்டிகளின் நேரலையைத் தனியார் நிறுவனங்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். கால்பந்து உலகக் கோப்பையில் தொடக்க ஆட்டம், கால் இறுதி, அரை இறுதி, இறுதி ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன.

ஆனால், கேபிளில் வரும் தூர்தர்ஷன் சேனலில் இந்த ஆட்டங்களை எதிர்பார்க்க முடியாது. பகிரப்படும் நேரலை தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒரே தடவை ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும். முக்கிய ஆட்டங்கள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதுவே சிக்கனமான வழி.

கேபிள், டிடிஎச் வைத்திருப்பவர்கள்

‘முழு ஸ்போர்ட்ஸ் பேக் போட்டால்தான் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். ஒரு கட்டணச் சேனலை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கும் உரிமையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் தந்திருக்கின்றன. சேனலின் விலையை ஒளிபரப்பு நிறுவனம் வெளியிட்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு பேசுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். கோப்பை முடிந்ததும் சேனலை நீக்கச் சொல்லுங்கள். கோளாறு என்றால் தெருவுக்கு வரும் ஆளிடம் சொல்வதோடு நிற்காமல், நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பதிந்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய அந்த எண் வேண்டும்.

‘இலவச லிங்க்’ என்னும் பொறி

ஆட்டத்துக்குச் சற்று முன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: ‘எல்லா ஆட்டமும் இலவசம், இதைத் தொடுங்கள்.’ தொட்டால் ஒரு ஏபிகே கோப்பு இறங்கும். இது பிளே ஸ்டோரில் இல்லாத செயலி என்று போன் எச்சரிக்கும். அவசரத்தில் ‘அனுமதி’ என்று அழுத்திவிடுவோம். நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கால்பந்து காட்டும் செயலிக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு? கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் கண்ணில் படும் முன்பே வேறொருவர் கைக்குப் போய்விடும். திரையில் பந்து உருண்டுகொண்டிருக்கும்போதே கணக்கு காலியாகலாம்.

இத்தகைய தளங்களில் பந்தய விளம்பரங்களும் நிறைந்திருக்கும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அங்கே கட்டிய பணத்தை வாங்கித் தர யாரும் வர மாட்டார்கள்.

புதுச்சேரிக்கே உரிய இன்னொரு ஆபத்து, ‘பிரெஞ்சு வர்ணனையோடு எல்லாச் சேனலும்’ என்று ஆண்டுச் சந்தாவுக்கு விற்கப்படும் ஐபிடிவி பெட்டி. ஒளிபரப்பு உரிமம் நாடுவாரியாக விற்கப்படுவதால், பிரான்ஸ் சேனல்கள் தங்கள் நேரலையை வெளிநாட்டில் அடைத்துவிடும். அந்தப் பூட்டை உடைத்துக் காட்டும் பெட்டிக்கு உரிமமும் இல்லை, ரசீதும் இல்லை. 2014 உலகக் கோப்பையின்போதே டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவால் 219 திருட்டுத் தளங்கள் முடக்கப்பட்டன. அரையிறுதி இரவில் பெட்டி இருண்டுபோனால், எந்த ஆவணத்தைக் காட்டிப் புகார் செய்வீர்கள்?

பணம் போனால்

உடனே 1930-ஐ அழையுங்கள். இது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான். அதே வேகத்தில் வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கியே பொறுப்பு. வெட்கப்பட்டு வீட்டாரிடம் மறைப்பவர்கள்தான் முழுப் பணத்தையும் இழக்கிறார்கள்.

சந்தா கட்டியும் ஆட்டம் வராவிட்டால்

ஆட்டம் நின்ற நேரத்தோடு திரையைப் படம் பிடித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இலவசச் சேவைக்கு இந்த வழி கிடையாது. 2022-இல் தொடக்க ஆட்டத்தின் இணைய நேரலை திக்கித் திணறியபோது பார்வையாளர்கள் புலம்பத்தான் முடிந்தது.

சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். நிறுத்தும் வழியை மறைத்து வைப்பது 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்ட வணிக முறை. யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குள் போய் நீங்களே ரத்து செய்யலாம்.

தெருவில் திரை கட்டினால்

உங்கள் சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்கு மட்டும். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பொதுவில் காட்டுவது பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவை மீறும் செயல். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கும் தடை உண்டு. பக்கத்து வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் இருக்கும் முதியவரும் இருப்பார்கள்.

ஆகவே, எந்தச் சேனல் என்பதை உறுதி செய்து, சந்தாவுக்கான ரசீதைப் பத்திரப்படுத்தி, 1930, 1915 இரண்டு எண்களையும் இன்றே போனில் பதிந்து வையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களின் போனிலும் பதிந்து கொடுங்கள். குழுவில் வரும் லிங்கை முதலில் தொடுபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.