எண் பொறித்த ஒரு துண்டு

கல்லூரி நாட்களில் தேசிய மாணவர் படையில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிள் புதிதல்ல. முகாம் மைதானத்தில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, எதிரேயுள்ள காகித இலக்கை நோக்கிச் சுட்டுவிட்டு எழுந்த நினைவு பலருக்கும் இருக்கும். பென்சிலைவிட மெல்லிய தோட்டா. தோளில் உதை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அதே ரகத் தோட்டாவைச் சுடும் ஓர் எளிய துப்பாக்கி, ‘எது துப்பாக்கி?’ என்ற கேள்வியை அமெரிக்கச் சட்டத்தின் முன் அறுபது ஆண்டுகளாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் ரூகர் 10/22.

முதலில் தோட்டாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இன்றைய பெரும்பாலான தோட்டாக்களில் தீப்பொறி தரும் ரசாயனம் அடிப்பகுதியின் நடுவே தனிக் கிண்ணம் ஒன்றில் இருக்கும். .22 தோட்டாவில் அது அடிப்பகுதியின் விளிம்புக்குள் தடவப்பட்டிருக்கிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் பொறி பறக்கும். ‘ரிம்ஃபயர்’ என்ற பெயர் இதனால் வந்தது. விளிம்பு நசுங்க வேண்டுமென்றால் பித்தளை உறை மெல்லியதாக இருந்தாக வேண்டும். உறை மெல்லியதென்றால் உள்ளே அழுத்தம் குறைவாக இருந்தாக வேண்டும். 1857-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் தொடங்கிவைத்த இந்த வகை, 1887-இல் இன்றைய ‘.22 லாங் ரைஃபிள்’ வடிவத்தை அடைந்தது. மலிவானது, சத்தம் குறைந்தது. அமெரிக்கச் சிறுவர்கள் பலர் முதலில் பழகுவதும், ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியாளர்கள் பயன்படுத்துவதும் இதைத்தான்.

அழுத்தம் குறைவு என்பதால் துப்பாக்கியின் உடலும் எளிமையாகிறது. 1964-இல் ரூகர் நிறுவனம் வெளியிட்ட 10/22-இன் நடு உடலான ரிசீவர் அலுமினியக் கலவையால் ஆனது. சுடும்போது பின்புறத்தை அடைத்திருக்கும் இரும்புக் கட்டி எங்கும் பூட்டப்படுவதில்லை. தன் எடையாலும் ஒரு சுருள்வில்லின் விசையாலும் மட்டுமே அது நிற்கிறது. குழல் ரிசீவருக்குள் செருகப்பட்டு, இரண்டே திருகுகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. விசைத் தொகுதி முழுவதையும் இரண்டு ஊசிகள் தாங்குகின்றன. மரக்கட்டைக்கு முக்கியமாக ஒரு திருகு. பெரும்பாலான துப்பாக்கிகளில் குழலைக் கழற்றுவது பட்டறை வேலை. இதில் ஓர் அறுகோணச் சாவி இருந்தால் சமையலறை மேசையில் முடிந்துவிடும்.

இதுவே அதன் தலைவிதியை நிர்ணயித்தது. 50 லட்சத்துக்கும் மேல் விற்ற இந்தத் துப்பாக்கியைச் சுற்றி, அதைத் தயாரிக்காத நிறுவனங்களின் உதிரிபாகச் சந்தை ஒன்று வளர்ந்தது. ராயல் என்ஃபீல்டு வாங்கிய இளைஞர் முதல் மாதத்திலேயே சைலன்சரையும் கைப்பிடியையும் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆர்வம் புரியும். தடித்த குழல், லேசான விசை, கட்டைவிரல் நுழையும் துளையிட்ட கட்டை, இரும்புக் கட்டி பின்னால் மோதும் சத்தத்தைக் குறைக்கும் பிளாஸ்டிக் ஊசி என்று பட்டியல் நீள்கிறது. வோல்குவார்ட்சன், கிட் போன்ற நிறுவனங்கள் இந்தச் சந்தையில் பெயர் பெற்றவை. ரிசீவரையும் பிறர் செய்து விற்கிறார்கள். ஆகவே ரூகரின் ஒரு பாகம்கூட இல்லாத ஒரு ‘10/22’ஐக் கட்டி முடிக்க முடியும். அடிப்படைத் துப்பாக்கியின் விலையைப்போல் மூன்று மடங்கைப் பாகங்களுக்குச் செலவிடுவோரும் உண்டு.

இவற்றுள் எது உண்மையில் பயன் தருகிறது? என் கணிப்பில் மிகச் சிலவே. ஆலையிலிருந்து வரும் விசையை இழுக்கச் சுமார் 6 பவுண்டு, அதாவது இரண்டே முக்கால் கிலோவை ஒட்டிய விசை தேவை. துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். இழுக்கும்போது குறி ஆடாமல் என்ன செய்யும்? ரூகரே பின்னர் விற்பனைக்குக் கொண்டுவந்த மாற்று விசை இதைப் பாதிக்கும் கீழே குறைத்தது. அது நியாயமான மாற்றம். அடுத்தது குழல். தோட்டா அமரும் அறையை ஆலை சற்றுத் தாராளமாகவே குடைகிறது; எந்த நிறுவனத்தின் தோட்டாவும், அழுக்குப் படிந்திருந்தாலும், சிக்காமல் நுழைய வேண்டும் அல்லவா? போட்டிக் குழலில் அந்த அறை இறுக்கமானது. தோட்டா நேராக அமர்கிறது, குண்டுகள் நெருங்கி விழுகின்றன. ஆனால் இவை எல்லாவற்றையும்விடத் தோட்டாவின் தரம் முக்கியம். ஒரே பெட்டியில் உள்ள இரண்டு தோட்டாக்களின் வேகம் மாறினால், எவ்வளவு விலையுயர்ந்த குழலும் அதைத் திருத்தாது. ஒலிம்பிக் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். அதை எட்ட விரும்பும் வீரர்கள் தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தயாரிப்புத் தொகுதியைச் சோதித்துத் தேடி வாங்குவது இதனால்தான். மற்ற பாகங்களில் பெரும்பகுதி கண்ணுக்கு விருந்து, அவ்வளவே.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. அமெரிக்காவில் 1938-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் துப்பாக்கியாகவே கருதியது. ஒவ்வொரு சிறு திருகுக்கும் பதிவேடு வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று 1968 சட்டத்தில் அதைக் கைவிட்டார்கள். ரிசீவர் மட்டுமே துப்பாக்கி. எண் பொறிக்க வேண்டியது அதில்தான். கடையில் பின்னணிச் சரிபார்ப்பு நடப்பதும் அதற்குத்தான். வண்டிக்குச் சேசிஸ் எண் போல. குழல், விசை, கட்டை, மேகசின் ஆகியவை கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் வெறும் பொருட்கள். தபாலில் வீட்டுக்கு வரும். குழலை 16 அங்குலத்துக்குக் கீழே குறைத்தால் மட்டும் 1934 சட்டம் குறுக்கிட்டு, பதிவு செய்யச் சொல்லும்.

நிர்வாக வசதிக்காக எடுத்த அந்த முடிவு நியாயமானதாகவே அன்று பட்டிருக்கும். ஆனால் எண் பொறித்த துண்டு மாறாமல் இருக்க, அதைச் சுற்றியுள்ள எல்லாமும் மாறக்கூடிய துப்பாக்கியை அது எண்ணிப் பார்க்கவில்லை. 1994-இல் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடைசெய்த சட்டம், விலக்களிக்கப்பட்டவற்றின் நீண்ட பட்டியலில் 10/22-ஐச் சேர்த்தது. மடக்கும் கட்டை பொருத்தாதவரை என்ற நிபந்தனையோடு! ஒரு கட்டையை மாற்றினால் துப்பாக்கியின் சட்டத் தகுதியும் மாறும் என்பதை அந்த ஒற்றை வரி ஒப்புக்கொண்டது.

பின்னர் நடந்தது இன்னும் கடுமையானது. ‘ஏகின்ஸ் ஆக்சிலரேட்டர்’ என்ற ஒரு மாற்றுக் கட்டை 10/22-க்காகவே வடிவமைக்கப்பட்டது. சுடும்போது எழும் சிறு உதையில் துப்பாக்கி கட்டைக்குள் பின்னோக்கி நழுவும். ஒரு சுருள்வில் அதை மீண்டும் முன்னே தள்ளும். அசையாமல் நிற்கும் விரலில் விசை தானே வந்து வந்து மோதும். விளைவு, இயந்திரத் துப்பாக்கிக்கு நெருங்கிய வேகம். முதலில் இதற்குத் தடையில்லை என்ற கூட்டாட்சி ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2006-இல் மனம் மாறி, இது இயந்திரத் துப்பாக்கியே என்றது. சுருள்வில்லை நீக்கினால் பிழைத்தது என்பதே அந்த முடிவின் மறுபக்கம். அப்படிச் சுருள்வில் இல்லாத ‘பம்ப் ஸ்டாக்’ 2010-இல் அனுமதி பெற்றது. இம்முறை அது பொருந்தியது .22-இல் அல்ல, ராணுவ வம்சாவளி கொண்ட பெரிய துப்பாக்கிகளில். 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸ் இசைவிழாவில் ஒருவன் அவற்றால் சுட்டு 58 பேரைக் கொன்றான்; காயமடைந்த இருவர் பின்னாளில் இறந்தனர். அதன்பின் வந்த தடையை 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் ரத்து செய்தது. ஒருமுறை விசை இயங்கினால் ஒரு தோட்டாதானே வெளிவருகிறது என்பது தீர்ப்பின் தர்க்கம். சொல்லளவில் அது சரி. கொல்லப்பட்டவர்களுக்கு அந்த வேறுபாட்டால் என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

பிற நாடுகள் கோட்டை வேறு இடத்தில் போட்டிருக்கின்றன. பிரிட்டனில் குழலுக்கும் உரிமம் வேண்டும். அந்நாடு 1988-இல் தானியங்கி முறையில் தோட்டா நிரப்பும் ரைஃபிள்களைத் தடைசெய்தபோதும் .22 ரிம்ஃபயருக்கு விலக்களித்தது. ஆஸ்திரேலியா 1996-இல் அந்த விலக்கைக்கூடத் தரவில்லை. கனடாவில் 10/22-இன் 25 தோட்டா மேகசின், அதே நிறுவனத்தின் கைத்துப்பாக்கி ஒன்றிலும் பொருந்துகிறது என்ற காரணத்துக்காகத் தடைப்பட்டியலில் விழுந்தது. இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டமோ, அமெரிக்கா கைவிட்ட பழைய வழியிலேயே நிற்கிறது: ஆயுதத்தின் பாகங்களும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களும்கூட ஆயுதமே. நம் துப்பாக்கி சுடும் வீரர்கள் ஒரு குழலை இறக்குமதி செய்யப் படும் பாடு இந்த அகன்ற வரையறையின் விலை. அந்த விலை கொடுக்கத் தக்கதே என்பது என் எண்ணம்.

அமெரிக்காவிலும் அசைவுகள் தெரிகின்றன. சிறிது வேலை செய்தால் துப்பாக்கியாகிவிடும், எண்ணில்லாத பாகத் தொகுப்புகளையும் கட்டுப்படுத்தலாம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என ஏற்றது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா ஒரு சட்டம் இயற்றியது: 2027 ஜூலை முதல் அம்மாநிலத்தில் துப்பாக்கிக் குழலை வாங்குபவர், உரிமம் பெற்ற விற்பனையாளர் முன் நேரில் சென்று நிற்க வேண்டும். எல்லை தாண்டினால் நெவாடாவில், அதே குழல் வழக்கம்போலத் தபாலில் வரும்.