மெசேஜில் வந்த நம்பரும் நம் கையெழுத்துதான்



நமது குழுச் சகோதரி ஒருவருக்கு நடந்ததை அவர் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

குழுவுக்கு வங்கிக் கடன் வந்து, தீர்மானம் போட்டு, கறவை மாடு வாங்க அவர் பங்கு 40,000 ரூபாய் அவருடைய சேமிப்புக் கணக்கில் ஏறியது. மூன்றாம் நாள் காலை களை எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "அம்மா, பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க கணக்கோட ஆதார் சேரல. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா கணக்கு முடங்கிடும்." நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கிறது என்றதும், "மெதுவாப் போய் எடுங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்றானாம். கார்டின் முன்பக்க எண், பின்பக்கம் இருக்கும் மூன்று எண், எல்லாம் கேட்டான். பிறகு, "இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்குற ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்றான். சொன்னார். மூன்று முறை சொன்னார். 24,000 ரூபாய் போய்விட்டது.

"பயிற்சியில் சொன்னோமே அக்கா, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லக்கூடாது என்று?" என்று கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. "நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு மேடம். ஆனா அவன் ஓ.டி.பி. கேக்கவே இல்லையே. மெசேஜ்ல வந்த நம்பரைத்தான் கேட்டான்."

தவறு எங்களுடையது. ஓ.டி.பி. என்ற வார்த்தையைச் சொன்னோமே தவிர, அது எது என்று ஒருவர் போனையாவது வாங்கிக் காட்டவில்லை. அதனால் இப்போது நமக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்கிறோம். நம் குழுப் பணம் எப்படி வெளியே வரும்? ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டால்தான் வரும். அதே மாதிரி, உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒருவன் முயலும்போது, "இது நீங்கள்தானா?" என்று வங்கியின் கம்ப்யூட்டர் உங்கள் போனுக்கு ஒரு நம்பர் அனுப்புகிறது. அதுதான் உங்கள் கையெழுத்து. அதை வாயால் சொன்னால், வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருக்கும், ஆனால் பெரும்பாலும் இங்கிலீஷில். படிக்கத் தெரிந்த பிள்ளையை ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லுங்கள். எதற்காக, எவ்வளவு தொகை என்பதும் பல நேரம் அதிலேயே இருக்கும்.

மேனேஜரே ஆனாலும் அந்த நம்பரைக் கேட்கமாட்டார். ஏமாற்றுபவன் பேர் மாற்றி மாற்றித்தான் கேட்பான். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோதும், ஓ.டி.பி. கேட்டு யாராவது அழைத்தால் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்க வேண்டி வந்தது. உங்கள் பேரைச் சொன்னான் என்பதற்காகவும் நம்பாதீர்கள். நம் பேரையும் போன் நம்பரையும் எத்தனை கடையில், எத்தனை விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்!

போனில் பணம் அனுப்பும் வசதி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பணம் வாங்குவதற்கு ரகசிய பின் நம்பர் போடவே தேவையில்லை. "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் போடுங்க" என்றால் உங்கள் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். வாட்ஸ்அப்பில் வங்கியின் படத்தோடு ஒரு ஃபைல் வந்து, பேரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இங்கிலீஷில் இருந்தால் தொடாதீர்கள். அதைப் போனில் ஏற்றிவிட்டால் உங்கள் மெசேஜை அவனே படித்துக்கொள்வான், நீங்கள் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வங்கி நம்பர் வேண்டுமென்றால் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கம் பாருங்கள், அல்லது கிளைக்கே போங்கள். இணையத்தில் தேடினால் போலி நம்பரும் கிடைக்கும்.

இப்போது வருத்தமான பகுதி. அந்தச் சகோதரி ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, குழுவில் என்ன பேசுவார்களோ என்ற பயம். கூட்டத்தில் தவணை கட்ட முடியாமல் அழுதபோதுதான் விஷயம் தெரிந்தது. உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்தோம். பணமோசடி புகாருக்கென்றே உள்ள காவல்துறை உதவி எண் அது. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு என்று தாவிக்கொண்டே போகும். எங்காவது நிற்கும்போது பிடித்தால் முடக்கி வைக்கலாம். ஐந்து நாளில் அது கைமாறி, எடுத்தும் முடிந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்திலேயே சொல்லியிருந்தால் வாய்ப்பு இருந்திருக்கும்.

போன் செய்யும்போது கணக்கு எண், எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை போனது, வங்கியிலிருந்து வந்த மெசேஜ் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே வங்கிக் கிளையிலும் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தேதிக்கு மதிப்பு உண்டு. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி அனுப்பிய சுற்றறிக்கையில், ரகசிய எண்ணை நாமே சொல்லிப் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நஷ்டம் நம்முடையது, தெரிவித்த பிறகு போனால் வங்கியுடையது என்று இருந்தது. நம் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை என்றும் சொன்னது.

குழுவில் முதலில் கோபம்தான். "நம்ம பேரு கெட்டுப்போகும்" என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவருடைய தவணையைக் குறைத்து, மாதத்தை நீட்டித்துத் தீர்மானம் எழுதினார்கள். எழுந்து போனவர்தான் முன்மொழிந்தார். மீதி 16,000 ரூபாயில் மாட்டுக்குப் பதில் ஆடு வாங்கியிருக்கிறார்.

போன மாதம் அவருக்கு மறுபடியும் அதே மாதிரி போன் வந்ததாம். "மெசேஜ்ல வந்த நம்பரைத் தரணும்னா எங்க குழுவுல தீர்மானம் போடணும் சார், செவ்வாய்க்கிழமை கூட்டம், நேர்ல வாங்க" என்றிருக்கிறார். அவன் வைத்துவிட்டான்.