அங்கே உனக்கென்ன வேலை?

பென்னாகரத்தில் காலையில் பஸ் ஏறித் தருமபுரியில் மாறினால், மதியச் சாப்பாட்டுக்குப் பெங்களூரு போய்விடலாம். மழை பொய்த்த மானாவாரிக் காட்டை நம்பாமல் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போன குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் படித்துவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் போகிறார்கள். சனிக்கிழமை இரவானால் எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட், கோரமங்களா, இந்திரா நகர் என்று அவர்களில் சிலர் கிளம்புகிறார்கள். அதே தெருக்களில் மேசை துடைப்பவர்களிலும் வாசலில் கறுப்புச் சட்டையோடு நிற்பவர்களிலும் நம் பக்கத்துப் பையன்கள் உண்டு.

அங்கே ஏதாவது நடந்துவிட்டால் ஊரில் முதலில் வரும் கேள்வி, "அந்த நேரத்துல அங்க உனக்கென்ன வேலை?" ஏமாற்றுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது. பணம் போனவன் வீட்டில் சொல்ல மாட்டான், கை வைக்கப்பட்டவள் ஸ்டேஷனுக்குப் போக மாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

2009 ஜனவரியில் மங்களூரில் ஒரு பப்புக்குள் ஒரு கும்பல் புகுந்து பெண்களை அடித்தது. அந்தக் காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 2018இல் குற்றம் சாட்டப்பட்டவர்களை ஆதாரம் போதவில்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. 2016 டிசம்பர் 31 இரவு எம்.ஜி. ரோட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்கள் சீண்டப்பட்டார்கள். போலீஸ் முதலில் சொன்ன பதில், புகார் ஏதும் வரவில்லை என்பதுதான். பிறகு பதிவுகளைப் பார்த்துத் தாங்களாகவே வழக்குப் போட்டார்கள். புகாரும் சாட்சியும் இல்லையென்றால் கேமரா மட்டும் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வயது வந்த ஒருவர் இரவில் ஊர் சுற்றுவது குற்றமில்லை, பப்புக்குப் போவதும் குற்றமில்லை. பெங்களூரு மாநகர எல்லையில் உரிமம் பெற்ற பார்களும் உணவகங்களும் நள்ளிரவு 1 மணி வரை திறந்திருக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் கர்நாடக அரசே ஆணையிட்டது. திருமணமாகாத வயது வந்த இருவர் ஓட்டல் அறையில் தங்குவது குற்றமாகாது என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயம்புத்தூர் வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிக் காசு கேட்பவர் காக்கிச் சட்டை போட்டிருந்தாலும் குற்றவாளி அவர்தான்.

இப்போது நிறையப் பேர் மாட்டும் பொறி ஒன்றைச் சொல்ல வேண்டும். டெல்லி, மும்பை, ஐதராபாத் போலீஸார் இந்த வகைக் கும்பல்களைப் பிடித்திருக்கிறார்கள். டேட்டிங் ஆப்பில் ஒரு பெண் அறிமுகமாவாள். ஒன்றிரண்டு நாள் பேச்சிலேயே சந்திக்கலாம் என்பாள், எந்த பப் என்பதையும் அவளே சொல்வாள். வந்து உட்கார்ந்ததும் விலைப்பட்டியலில் இல்லாத எதையெதையோ வரவழைப்பாள். ஒரு போன் வரும், அவசரம் என்று எழுந்து போவாள். அடுத்து மேசைக்கு வருவது பத்தாயிரங்களில் ஒரு பில், கூடவே நாலு பவுன்சர்கள். அந்தப் பெண்ணுக்கும் கடைக்கும் பங்கு உண்டு என்பது பையனுக்கு அப்போதுதான் உறைக்கும். சிலருக்கு அப்போதும் உறைக்காது.

மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 308ஆம் பிரிவில் வரும் குற்றம். வெளியே விடாமல் அடைத்துவைப்பது 127ஆம் பிரிவு. உட்கார்ந்த இடத்திலிருந்தே 112ஐ அழையுங்கள். நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைப்பு போகும். அடிவாங்கும் நிலை வந்தால் வீரம் வேண்டாம், கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். ஆனால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். யு.பி.ஐ.யிலோ கார்டிலோ கட்டினால் வாங்கியவர் கணக்கு பதிவில் நிற்கும். ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள், ஆப்பில் நடந்த உரையாடலை அழிக்காதீர்கள். பவுன்சர் என்பவர் 2005ஆம் ஆண்டுத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட காவலாளி மட்டுமே. அடிக்கவோ போனைப் பிடுங்கவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

மிரட்டல் இல்லாத சின்னக் கொள்ளையும் உண்டு. பில்லின் அடியில் தானாக ஏறியிருக்கும் சர்வீஸ் சார்ஜ் அப்படிப்பட்டது. அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915க்குத் தமிழிலேயே புகார் சொல்லலாம். பெரிய தொகை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்காகப் பெங்களூருக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோரமங்களா பப் மீதான வழக்கைத் தருமபுரி ஆணையத்தில் நடத்தலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

போலீஸ் புகாரிலும் இதே வசதி வந்திருக்கிறது, நம் ஊரில் பலருக்கும் அது தெரியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். பிரிகேட் ரோட்டில் நடந்ததைப் பென்னாகரம் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால், "எங்க எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்பக் கூடாது, பதிந்து அங்கே அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட்டால் போதும். எழுதியதைப் படித்துக் காட்டுவதும் நகலை இலவசமாகக் கொடுப்பதும் அவர்கள் கடமை. பெங்களூரு ஸ்டேஷனில் கன்னடத்தில் எழுதினால், புரியும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும், எஃப்.ஐ.ஆர். வரட்டும் என்று காக்கவைக்கக் கூடாது. பெண்களுக்கான உதவி எண் 181.

போனைத் தொலைப்பதும், வீடியோ காலில் படம் பிடித்துவிட்டேன் என்று மிரட்டப்படுவதும் இரவுச் சுற்றலின் இன்னொரு முகம். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930ஐ அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் பணம் பத்துக் கணக்கு தாண்டிப் போயிருக்கும். அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. மிரட்டுபவனுக்கு முதல் தவணை கொடுத்தால் இரண்டாவது தவணையும் கேட்பான்.

1 மணிக்குக் கதவு மூடும்போது மெட்ரோ ஓட்டம் முடிந்திருக்கும். ஆட்டோவுக்கு இரவு 10 முதல் காலை 5 வரை மீட்டரில் ஒன்றரை மடங்கு கட்டணம்தான் சட்டப்படி, மற்றதெல்லாம் பேரம். அதற்குப் பயந்து டி.என். 29 பைக்கை முறுக்குகிறவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை 15,000 ரூபாய் அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கஞ்சா, மாத்திரை, பவுடர் விஷயத்தில் "நான் விக்கல, சும்மா இழுத்துப் பார்த்தேன்" என்பது தப்பிக்கும் வழி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 27ஆம் பிரிவில் உட்கொள்வதே குற்றம். கொக்கைன் போன்றவற்றுக்கு ஓராண்டு வரையும் மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை உண்டு. கையில் வைத்திருந்தால் அளவுக்கேற்பத் தண்டனை ஏறும். முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பையை நுழைவாயில் தாண்டும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே சட்டத்தில் உங்களுக்கான உரிமைகளும் உண்டு. உடல் சோதனைக்கு முன் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கலாம் (50ஆம் பிரிவு). சிறிய அளவோடு பிடிபட்ட, பழக்கத்துக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்குப் பெறவும் இடமுண்டு (64ஏ பிரிவு). எந்தக் கைதானாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கிலும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

திரும்பி வரும்போது, "ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா மச்சான்" என்று சொல்லும் கூட்டாளிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கர்நாடக மதுவை அனுமதியின்றித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம். பாட்டிலோடு வண்டியும் பறிமுதலாகலாம். மச்சான் ஜாமீனுக்கு வருவாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இதுவரை சொன்னது இரவைச் செலவழிக்கப் போகிறவர்களுக்கு. அதே இரவைச் சம்பாதிக்கப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். அதைப் பற்றிய எச்சரிக்கையை நான் எந்த பப் வாசலிலும் பார்த்ததில்லை. கோவாவின் அர்போராவில் 2025 டிசம்பரில் இரவு விடுதி ஒன்று எரிந்தபோது 25 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சமையலறையிலும் மற்ற இடங்களிலும் வேலை பார்த்தவர்கள். பிழைக்க வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். மும்பை கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பரில் நடந்த தீ விபத்தில் 14 பேர். சரக்கு அடுக்கிப் பின்வாசலை அடைத்துவைத்திருக்கும் கடையில் வேலைக்குச் சேர்கிற பையன், சம்பளம் கேட்பதற்கு முன் அந்த வாசலைக் கேட்க வேண்டும். வாடிக்கையாளரும் உட்காருவதற்கு முன் இரண்டாவது வழி எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கர்நாடகக் கடைகள் சட்டப்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஓட்டலில் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வீட்டிலும் எழுதிவையுங்கள். விபத்து என்று வந்தால் குடும்பத்துக்கு ஆதாரம் அதுதான். "டிப்ஸ் வருதே, அப்புறம் சம்பளம் எதுக்கு" என்று கேட்கும் முதலாளிக்குச் சட்டத்தில் இடமில்லை. 18 வயது நிரம்பாத பிள்ளையை மது எடுத்துக் கொடுக்க வைத்தால் சிறார் நீதிச் சட்டம் 78ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை. பள்ளியை நிறுத்திவிட்டுப் பாருக்குக் கூட்டிப்போன தரகர் உங்கள் உறவுக்காரராகவே இருந்தாலும், 1098க்குச் சொல்லத் தயங்காதீர்கள். டான்ஸ் ஆடலாம், வரவேற்பில் நிற்கலாம் என்று ஆசை காட்டிப் பெண்களைக் கூட்டிப்போய்ச் சுரண்டுவது ஆள் கடத்தல். அந்தப் பெண் ஒப்புக்கொண்டுதான் வந்தாள் என்ற வாதம் அங்கே எடுபடாது.

வழக்கறிஞருக்குக் காசில்லை என்று எதையும் விட்டுவிடாதீர்கள். பெண்கள், தலித், பழங்குடி மக்கள், ஆலைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் வழக்கறிஞர் இலவசம், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தருமபுரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வெள்ளைத் தாளில் தமிழிலேயே மனு எழுதிக் கொடுக்கலாம். தொலைபேசி எண் 15100.