பாம்பை மிதித்துக் கொல்லும் பறவை

கழுகுக்குப் பாம்பு விஷம் ஏறாது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி எந்த வரமும் அதற்குக் கிடையாது. நாகமோ விரியனோ கடித்து விஷம் ரத்தத்தில் கலந்தால், பாம்பையே தின்று வாழும் கழுகும் சாகக்கூடும். அதனால் பாம்புக்குக் கடிக்க இடம் கொடுக்காமலே வேலையை முடிக்கிறது.

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் செகரட்டரி பறவை இதைக் காலாலேயே சாதிக்கிறது. ஏறக்குறைய நாலடி உயரம். கழுகின் உடம்புக்குக் கொக்கின் கால்களைப் பொருத்தியது போன்ற தோற்றம். நன்றாகப் பறக்கும், ஆனால் வேட்டைக்கு நடந்துதான் போகும். பெரும்பாலும் அகப்படுவது வெட்டுக்கிளியும் எலியும்தான். பாம்பு தென்பட்டால் இறக்கைகளை விரித்துக்கொண்டு தலையைக் குறிவைத்து மிதிக்கத் தொடங்கிவிடும். சீறிவரும் பாம்பின் பல் இறகில் பட்டால் பறவைக்கு ஒன்றும் ஆகாது. நீண்ட கால்களைக் கெட்டியான செதில்கள் காக்கின்றன.

அந்த மிதியின் வலு எவ்வளவு? இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு பறவைக் காப்பகத்தில் வளர்ந்த மேடலின் என்ற செகரட்டரி பறவையை வைத்து ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். விசையை அளக்கும் தட்டைப் புல்லுக்கடியில் மறைத்து, அதன்மேல் ரப்பர் பாம்பை இழுத்தார்கள். மேடலின் விடவில்லை. 2016-ல் வெளியான முடிவுகளின்படி, மிதியின் விசை சராசரியாக 195 நியூட்டன். பறவையின் எடையைப்போல் ஐந்து மடங்கு. கால் பட்டு எழுந்த நேரம் 15 மில்லி விநாடி, கண் இமைக்கும் பொழுதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பட்ட உணர்வு மூளைக்குப் போய்த் திரும்பும் முன்பே மிதி முடிந்துவிடுகிறது. நடுவில் திருத்திக்கொள்ள வழியே இல்லை. கண்ணால் அளந்து, காலை வீசும்போதே எல்லாம் சரியாக இருந்தாக வேண்டும். தவறினால் அடுத்தது பாம்பின் முறை.

இத்தனை திறமை இருந்தும் மேய்ச்சலும் உழவும் புல்வெளிகளை விழுங்க, 2020-ல் இதை அழியும் ஆபத்திலுள்ள இனங்களில் சேர்க்க நேர்ந்தது.

நம் நாட்டு வெட்டவெளிகளில் காணும் குட்டைவிரல் பாம்புக் கழுகின் வழி வேறு. காற்றை எதிர்த்து அந்தரத்தில் நின்று தரையை நோட்டமிட்டு, பாம்பைக் கண்டதும் சரேலென இறங்கும். வழுவழுப்பான உடலை நழுவவிடாமல் பற்றத்தான் அந்தக் குட்டையான, வலுத்த விரல்கள். தலையை நசுக்கியபின் முழுதாக விழுங்கிவிடும். விஷம் புரதம் என்பதால் இரைப்பை அதைச் செரித்துவிடும். கூட்டில் குஞ்சு இருந்தால், பாம்பின் வால் வாய்க்கு வெளியே தொங்க வந்து சேரும். குஞ்சு அந்த வாலைக் கவ்வி, பெற்றவரின் தொண்டையிலிருந்து முழுப் பாம்பையும் இழுத்தெடுத்துத் தானே விழுங்கும்.