ஆய்வு ஏவூர்திகளின் வான் ஒளிர்வு அளவீடுகளில் வேற்றொளிக் கலப்பு

முன்னுரை

இரவு வானம் முழு இருள் கொண்டதன்று. பகலில் கதிரவ ஒளியால் பிளவுற்ற ஆக்சிஜன் அணுக்கள் இரவில் மீண்டும் இணையும்போது வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதி ஒளியாகிறது. இவ்வான் ஒளிர்வில் 557.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி ஏறத்தாழ 95 முதல் 100 கிலோமீட்டர் உயரத்தில் செறிந்துள்ளது. அவ்வுயரம் பலூன்களுக்கு எட்டாதது. செயற்கைக்கோள்கள் நிலைத்துச் சுற்றுவதற்கோ தாழ்வானது. எனவே அங்குச் சென்று அளக்க ஆய்வு ஏவூர்திகளே பயன்படுகின்றன. அத்தரவுகளில் கலக்கும் வேற்றொளியை இனங்காணும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

அளவீடும் பிழையும்

ஏவூர்தியின் முகப்பிலுள்ள ஒளிமானி தனக்கு மேலுள்ள ஒளி முழுவதையும் கூட்டிப் பதிவுசெய்கிறது. ஒளிரும் அடுக்கினுள் ஏறஏற அவ்வொளி குறையும். அது குறையும் வீதமே அந்தந்த உயரத்தின் ஒளிர்வைத் தருகிறது. அடுக்கைக் கடந்தபின் விண்மீன் ஒளி முதலான பின்னணி மட்டுமே எஞ்ச வேண்டும். அதற்கு மிகுதியானது வேற்றொளி என ஐயுற இடமுண்டு.

உயரத்தால் மாறாத வேற்றொளி, வீதத்தைக் கணக்கிடுகையில் தானே நீங்கிவிடும். உயரத்தோடு மாறும் வேற்றொளியோ இல்லாத அடுக்கை இருப்பதாகக் காட்டும். ஆக்சிஜன் அணுச் செறிவு இவ்வொளிர்விலிருந்து கணக்கிடப்படுவதால் அப்பிழை வேதியியல் முடிவுகளுக்கும் பரவும்.

வேற்றொளியின் மூலங்கள்

1982 மார்ச்சில் கொலம்பியா விண்ணோடத்தின் வால்பகுதியைச் சூழ்ந்த மெல்லிய ஒளி படமாக்கப்பட்டது. மேற்பரப்பில் ஒட்டிய நைட்ரிக் ஆக்சைடுடன், வந்து மோதும் ஆக்சிஜன் அணுக்கள் இணைவதால் அது தோன்றுவதாகப் பின்னர் விளக்கப்பட்டது. 2009இல் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து ஏவப்பட்ட அண்ட அகச்சிவப்புப் பின்னணிச் சோதனையில், காற்று உராய்வால் சூடேறிய ஏவூர்தி உறையின் வெப்பக் கதிர்வீச்சு கருவிக்குள் சிதறிப் புகுந்தது. 2010ஆம் ஆண்டுப் பறப்பில் வெளியே நீளும் ஒளித்தடுப்புகள் சேர்க்கப்பட்டு அக்குறை களையப்பட்டது.

இனங்காணும் வழிகள்

ஏவூர்தியின் சுழற்சிக்கு இசைய ஏறியிறங்கும் பதிவு, ஒளி ஒரு பக்கத்திலிருந்து புகுவதை உணர்த்தும். ஏறுகையில் காற்றை எதிர்கொள்ளும் முகப்பு, ஏவூர்தி கவிழாதிருப்பின், இறங்குகையில் பின்புறமாகிவிடும். எனவே மோதலால் எழும் ஒளி இறங்குகையில் குன்றும். வெப்பக் கதிர்வீச்சாயின், உறை குளிருந்தோறும் தணியும்.

முடிவுரை

விளங்காத மிகுதியை ஒரு மாறிலியாகக் கொண்டு கழிப்பது எளிது. ஆயினும் மூலத்தை அறியாமல் கழிப்பது திருத்தமாகாது. ஏற்றம், இறக்கம் இரண்டின் தரவுகளையும் ஒப்பிட்ட பின்னரே ஓர் அடுக்கை இயற்கையானது எனக் கொள்ளுதல் தகும்.